2594: பச்சை பூசிய குட்டி எஞ்சின் ஒன்றின் பூர்வீகம்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய பொருள்களை விற்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில், உடைந்த பொம்மைக் கார்களும் ஈய வீரர்களும் நிறைந்த பிஸ்கட் தகரப் பெட்டியின் அடியிலிருந்து இந்த எஞ்சினை எடுத்தேன். உள்ளங்கையில் அடங்காமல் சற்றே நீண்டிருந்த அது, அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாத கனமாக இருந்தது. உடல் முழுவதும் பிரஷ்ஷின் தடம் தெரியும்படி பச்சை பெயிண்ட் தடவப்பட்டிருந்தது. இருபுறத் தண்ணீர்த் தொட்டிகளிலும் 'சதர்ன்' என்ற சொல்லும், பின்புற நிலக்கரித் தொட்டியின் பக்கவாட்டில் 2594 என்ற எண்ணும் மஞ்சளில் கையால் எழுதப்பட்டிருந்தன. தயாரித்தவர் பெயர் எங்கும் கண்ணில் படவில்லை. ஒரு வீட்டின் பரணைக் காலி செய்தபோது கிடைத்தது என்பதற்கு மேல் விற்றவருக்கும் எதுவும் தெரியவில்லை. நான் பல ஆண்டுகளாக இந்திய அகலப்பாதை எஞ்சின்களின் மாதிரிகளையே சேர்த்து வருபவன் என்பதால், தனி நிலக்கரி வண்டி இல்லாமல் தண்ணீரையும் நிலக்கரியையும் தாமே சுமக்கும் பிரிட்டிஷ் டாங்க் எஞ்சின்கள் எனக்குப் பழக்கமில்லாத வட்டாரம்.

எண்ணும் பெயரும் எழுதியிருக்கும்போது அவற்றையே முதலில் தேடிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அதை வேண்டுமென்றே தள்ளி வைத்தேன். பெயிண்டையும் எழுத்தையும் ஒரு மாலை நேரத்தில் யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், ஆனால் வார்ப்பையும் சக்கர அமைப்பையும் மோட்டாரையும் மாற்றுவதற்குப் பட்டறையும் பணமும் வேண்டும். ஆகவே, மாற்றுவதற்கு மிகக் கடினமானது எதுவோ அதிலிருந்து தொடங்கி, எளிதில் மாறக்கூடியதை நோக்கி வருவது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலில் உலோகம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் சிறு காந்தத்தை உடலின் முன்பகுதியில் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. தகரத்தை வெட்டி மடித்துச் செய்த பொம்மையாக இருந்திருந்தால் ஒட்டியிருக்கும். அலுமினியத்துக்கு இந்தக் கனம் வராது. ஈயமாக இருந்தால் நகக்கீறலுக்கு இளகும், இது இளகவில்லை. மிஞ்சியது, உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்க்கும் முறை. 1930களிலிருந்து பிரிட்டனில் நல்ல விலையுள்ள பொம்மைகளுக்கு இது பரவலாகப் பயன்பட்டது. அந்தக் காலத்து துத்தநாக வார்ப்புகளுக்கு ஒரு பரம்பரை நோய் உண்டு. கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் சிறிதளவு கலந்திருந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல வார்ப்பு உள்ளேயே அரித்து, வீங்கி, மயிரிழை வெடிப்புகள் ஓடி, இறுதியில் பொரியைப் போல் உதிர்ந்துவிடும். கையில் இருந்த வார்ப்பில் அந்த வெடிப்பு ஒன்றுகூட இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்பு அல்ல என்பதற்கு இது ஒரு சிறு குறிப்பு என்று எழுதி வைத்தேன். நல்ல கலவையில் வார்த்த போருக்கு முந்தைய பொம்மைகளும் உண்டு என்பதால், குறிப்பு என்பதற்கு மேல் அதற்கு மதிப்புக் கொடுக்கவில்லை.

அடுத்து அளவு. சக்கரங்கள் 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் சரியாக உட்கார்ந்தன. இதனால் தெரிவது குறைவு. ஐரோப்பாவின் எச்.ஓ. அளவும் (1:87) பிரிட்டனின் ஓ.ஓ. அளவும் (1:76) ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிடக் குறுகலானவை; அக்காலத்து மோட்டார் அவற்றின் உடலுக்குள் அடங்காததால், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு உடலை மட்டும் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்று பெரிதாக்கினார்கள். கணக்குப்படி 4 அடி 8½ அங்குலப் பாதை அந்த அளவில் 18.83 மி.மீ. இருக்க வேண்டும். இன்றுவரை பிரிட்டிஷ் மாதிரி ரயில்கள் சற்றே ஒடுங்கிய காலோடு ஓடுவதற்குக் காரணம் இந்தச் சமரசம்தான். எனவே தண்டவாளத்தை விட்டுவிட்டு, முன்புறம் மோதலைத் தாங்குவதற்காக இருக்கும் இரண்டு பஃபர்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். பிரிட்டனில் அந்தத் தூரம் 5 அடி 8½ அங்குலம். ஓ.ஓ. அளவில் அது ஏறத்தாழ 22.8 மி.மீ., எச்.ஓ. அளவில் 20 மி.மீ. என் அளவு 23ஐ ஒட்டி வந்தது. அதனால் இது பிரிட்டிஷ் அளவு.

மின்சாரப் பகுதியில்தான் எனக்கு உதவி தேவைப்பட்டது. எங்கள் தெருவில் வசிக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், தன் பழைய மல்டிமீட்டரோடு வந்தார். எஞ்சினைக் கவிழ்த்து வைத்து, ஒரு முனையை இடப்பக்கச் சக்கரத்திலும் மறுமுனையை வலப்பக்கச் சக்கரத்திலும் வைத்தவுடன் மீட்டர் கீச்சிட்டது. "தம்பி, ரெண்டு பக்கச் சில்லும் ஒண்டோட ஒண்டு தொடுப்பாக் கிடக்கு. இந்தக் கோச்சிக்கு நடுவாலதான் கரண்ட் வந்திருக்கு," என்றார். ரயிலைக் கோச்சி என்று சொல்லும் அந்தப் பழைய வழக்கை லண்டனில் கேட்டது எனக்கு எஞ்சினைவிட அபூர்வமாகப் பட்டது. அவர் சொன்னது சரி. இன்றைய மாதிரி ரயில்களில் ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. ஆகவே இருபக்கச் சக்கரங்களும் ஒன்றையொன்று தொடாதபடி மின்காப்பு செய்யப்பட்டிருக்கும். இதில் அப்படி இல்லை. அடியில் நடுப்பகுதியில், ஸ்பிரிங்கால் கீழே அழுத்தப்படும் உலோகத் தகடுகள் இருந்தன. அவை நடுவே ஓடும் மூன்றாவது தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரம் எடுப்பவை. இன்றைய இரட்டைத் தண்டவாளத்தில் இதை அப்படியே வைத்து மின்சாரம் கொடுத்தால் உடனே ஷார்ட் ஆகும். பரணில் கிடைத்த எஞ்சினைச் சோதிக்காமல் பாதையில் ஏற்றுபவர்கள் செய்யும் வழக்கமான தவறு இது.

மூன்று தண்டவாள முறையில் அந்தக் காலத்தில் ஓடியவை சிலவே. ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரத்து மெர்க்லின் நிறுவனம் 1935இல் இந்தச் சிறிய அளவில் இறங்கியது. நியூரம்பெர்க்கின் ட்ரிக்ஸும் அதே ஆண்டில் வந்தது. பிறகு நார்தாம்ப்டனில் ட்ரிக்ஸ் ட்வின் என்ற பெயரில் பிரிட்டிஷ் வடிவங்களையும் கொண்டுவந்தது. இவ்விரண்டும் தொடக்கத்தில் ஏ.சி. மின்சாரத்தில் ஓடியவை. அவற்றின் மோட்டாரில் நிலைக்காந்தம் கிடையாது. காந்தப் புலத்தையும் கம்பிச் சுருளே உண்டாக்கும். லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ லிமிடெட் 1938இல் வெளியிட்ட ஹார்ன்பி டப்ளோ வேறு வழியில் சென்றது: நடுத்தண்டவாளம் உண்டு, ஆனால் 12 வோல்ட் டி.சி., மோட்டாரில் நிலைக்காந்தம். ஓ.ஓ. என்ற இரண்டு ஓக்களை 'டபுள் ஓ' என்று வாசித்ததன் சுருக்கமே டப்ளோ. நிறுவனத்தைத் தொடங்கிய ஃபிராங்க் ஹார்ன்பி 1936இலேயே இறந்துவிட்டதால், தன் பெயரைத் தாங்கிய இந்தச் சிறிய ரயிலை அவர் பார்க்கவில்லை.

ஆக, ஏ.சி.யா டி.சி.யா என்பதில் பாதி விடை அடங்கியிருந்தது. திருகைக் கழற்றி உடலைத் தூக்கியவுடன், பல ஆண்டு கிரீஸ் மெழுகாக இறுகிப்போன வாசனை வந்தது. ஓர் ஊசியை மோட்டாரின் அருகே கொண்டுபோனேன்; கையிலிருந்து பறித்ததுபோல் போய் ஒட்டிக்கொண்டது. மின்சாரமே இல்லாதபோது இழுக்கிறது என்றால் நிலைக்காந்தம். இருந்தாலும் உறுதி செய்துகொள்ள, பழைய கிரீஸைத் துடைத்து, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் கருப்பைப் பஞ்சால் சுத்தம் செய்து, கார்பன் பிரஷ்கள் தொடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, 9 வோல்ட் பேட்டரியின் ஒரு கம்பியை நடுத்தகட்டிலும் மற்றதைச் சக்கரத்திலும் வைத்தோம். ஒரு கணம் தயங்கி, சிறு நீலப்பொறியோடு சக்கரங்கள் சுழன்றன. கம்பிகளை இடம் மாற்றியவுடன் எதிர்த்திசையில் சுழன்றன. கம்பிச் சுருளால் காந்தப் புலத்தை உண்டாக்கும் ஏ.சி. மோட்டாரில் இது நடக்காது. இரு சுருளிலும் திசை சேர்ந்தே மாறுவதால் எஞ்சின் அதே பக்கமாகத்தான் ஓடும். மெர்க்லினும் தொடக்ககால ட்ரிக்ஸும் இதோடு பட்டியலிலிருந்து விலகின.

துத்தநாக வார்ப்பு, ஓ.ஓ. அளவு, நடுத்தண்டவாளம், நிலைக்காந்த டி.சி. மோட்டார் என்ற நான்கும் சேர்ந்து ஹார்ன்பி டப்ளோவைத்தான் காட்டின. மெக்கானோ 1964இல் லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போன பிறகு, டப்ளோவின் அச்சுகள் ரென் நிறுவனத்திடம் சேர்ந்து அங்கிருந்தும் எஞ்சின்கள் வந்தன என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் ரென் விற்றவை இரட்டைத் தண்டவாளத்துக்கானவை; மீட்டரின் கீச்சு அதை ஏற்கெனவே மறுத்துவிட்டது.

இனி இது எந்த நிஜ எஞ்சினின் நகல் என்ற கேள்வி. சக்கரங்களை எண்ணினால், முன்னால் சிறு சக்கரம் எதுவும் இல்லை; ஆறு பெரிய சக்கரங்கள் ஒரே இணைப்புத் தண்டால் கோக்கப்பட்டிருக்கின்றன; பின்னால் இரண்டு சிறு சக்கரங்கள். ரயில்காரர்கள் இதை 0-6-2 டாங்க் என்பார்கள். வெளியே சிலிண்டரோ பிஸ்டன் தண்டோ தெரியவில்லை என்பதால் சிலிண்டர்கள் சட்டத்துக்கு உள்ளே இருக்கும் வகை. கொதிகலன் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றது; அதன்மேல் புகைபோக்கியோ, வளர்ந்த பையனுக்குத் தம்பியின் தொப்பியை மாட்டியதுபோல் குட்டையாக இருந்தது. இந்த முரண்பாட்டைத்தான் நான் பற்றிக்கொண்டேன். கிரேட் நார்தர்ன் ரயில்வேக்காக நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து 1920இல் வெளிவந்த என்2 வகைக்கு இது அப்படியே பொருந்தியது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து புறநகர்களுக்கு ஓடிய அந்த எஞ்சின்களில் பல, நிலத்தடிச் சுரங்கம் வழியே மூர்கேட் வரை போக வேண்டியிருந்தது. அந்தச் சுரங்கத்தின் கூரைக்குக் கீழே அடங்க வேண்டும் என்பதற்காகத்தான் உயர்ந்த கொதிகலனின் மேல் குட்டைப் புகைபோக்கி. சுரங்கத்துக்குள் வெளியேறும் நீராவியைத் தொட்டித் தண்ணீருக்குள் திருப்பிவிடும் குழாய்களும் அவற்றுக்கு உண்டு. மொத்தம் 107 என்2 எஞ்சின்கள் கட்டப்பட்டன. கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1921இல் கட்டிய 1744 எண்ணுள்ள ஒன்று மட்டும் பிழைத்து, இன்று கிரெஸ்லி சொசைட்டியிடம் இருக்கிறது.

கிரேட் நார்தர்ன் 1923இல் எல்.என்.இ.ஆர். என்ற பெரிய நிறுவனத்துக்குள் கரைந்தது. சதர்ன் என்பது தேம்ஸுக்குத் தெற்கே ஆண்ட வேறொரு நிறுவனம். அதனிடம் ஒரு என்2 கூட இருந்ததில்லை. அப்படியானால் உடல் வடக்கு, பெயர் தெற்கு. இந்த இடத்தில்தான் அதுவரை தள்ளி வைத்திருந்த எண்ணைத் தேடினேன், தேடியவுடன் குழப்பம் தீருவதற்குப் பதிலாக இன்னும் சுவையானது. சதர்னில் 2594 என்று ஓர் எஞ்சின் உண்மையிலேயே இருந்தது. அதுவும் 0-6-2 டாங்க்தான். ஆனால் அது பிரைட்டன் ரயில்வேயிடமிருந்து வந்த ஈ5 வகை. 1900களின் தொடக்கத்து வடிவமான அதற்கும் என் கையிலிருந்த உடலுக்கும் சக்கர வரிசையைத் தவிர ஒற்றுமை கிடையாது.

இந்த முரண்பாட்டுக்குப் பொறுப்பு மெக்கானோவே. எஃகு அச்சு வெட்டுவது பெரும் செலவு. எல்.என்.இ.ஆர்., சதர்ன், எல்.எம்.எஸ்., கிரேட் வெஸ்டர்ன் என்ற நான்கு பெரிய ரயில் நிறுவனங்களின் ரசிகர்களுக்கும் நான்கு அச்சு வெட்ட முடியாது. எனவே ஒரே என்2 உடலை வார்த்து, நான்கு நிறுவனங்களின் பெயரிலும் விற்றார்கள். ஆனாலும் எண்ணில் அவர்கள் காட்டிய நேர்மை வியப்பானது. எல்.எம்.எஸ். எஞ்சினுக்கு 6917 என்று எழுதினார்கள். அது வாட்ஃபோர்ட் டாங்க் என்று அழைக்கப்பட்ட 0-6-2 வரிசையில் வரும் எண். கிரேட் வெஸ்டர்னுக்கு 6699. அந்த நிறுவனம் 5600 தொடங்கிக் கட்டிய இருநூறு 0-6-2 டாங்க்குகளில் கடைசி எண் அது. சதர்னுக்கு 2594. உடல் பொய் சொன்னாலும், ஒவ்வொரு நிறுவனத்திலும் அதே சக்கர வரிசை கொண்ட எஞ்சினின் எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். எண்ணை வைத்து நிஜ எஞ்சினைத் தேடுபவர் ஈ5இன் படத்தைப் பார்த்து, 'இது மோசமான நகல்' என்று முடிவு கட்டிவிடுவார். நானும் எண்ணிலிருந்து தொடங்கியிருந்தால் அந்தக் குழியில்தான் விழுந்திருப்பேன்.

ஆக, ஹார்ன்பி டப்ளோவின் சதர்ன் 2594 உண்மையிலேயே விற்கப்பட்ட பொம்மை. போருக்கு முன் மந்தமான ஆலிவ் பச்சையிலும், போருக்குப் பின் சிறிது காலம் பளிச்சென்ற மாலகைட் பச்சையிலும் வந்தது. கருப்பு எல்.எம்.எஸ். எஞ்சினைவிட இது அரிது என்பதால் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். அதனாலேயே, கருப்பில் பச்சை பூசி ஏமாற்றுவதும் உண்டு. பிஸ்கட் பெட்டியிலிருந்து புதையல் எடுத்துவிட்டேனோ என்ற ஆசை ஒரு நாள் முழுவதும் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

இணைப்புக் கொக்கி முதல் பதிலைத் தந்தது. போருக்கு முந்தைய டப்ளோவில் எஃகுப் பட்டையாலான தட்டை இணைப்பு இருக்கும். இதில் இருந்தது, போருக்குப் பின் வந்த பீக்கோ வகைத் தானியங்கி இணைப்பு. ஆனால் இணைப்பை மாற்றலாம் என்பதால் மோட்டாரை மீண்டும் பார்த்தேன். தொடக்ககால மோட்டார்களில் குதிரை லாட வடிவக் காந்தம் இருக்கும். அவை நாளடைவில் வலுவிழந்து எஞ்சினைச் சோம்பேறியாக்கும். இதில் இருந்தது, பின்னர் வந்த வலுவான சிறு கட்டிக் காந்தம். ஆகவே போருக்குப் பிந்தையது. அதிலும் பிந்தைய ஆண்டுகளின் பக்கம் சாய்கிறது. மாலகைட் பச்சை சதர்னுக்கு இன்னும் ஒரு மெல்லிய வாய்ப்பு மிச்சமிருந்தது.

அதைத் தீர்த்தது பெயிண்ட். வெளிப்புறத்தில் கை வைக்காமல், கழற்றிய உடலின் உள்விளிம்பில், எவரும் பார்க்காத இடத்தில், காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக் குச்சியில் சிறிது ஒயிட் ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன். பச்சை குழம்பாகக் கரைந்து குச்சியில் ஏறியது. தொழிற்சாலையில் தெளித்துச் சூளையில் சுட்ட எனாமல் இவ்வளவு எளிதில் கரையாது; கரைந்தது வீட்டுப் பெயிண்ட். அதன் அடியிலிருந்து, குச்சிக்கு அசைந்து கொடுக்காத கருப்பு வெளியே வந்தது. அதன் கீழே நேரடியாக வெள்ளை உலோகம். வேறு பச்சை எதுவும் இல்லை.

கருப்பு என்றால் எல்.எம்.எஸ். 6917 ஆக இருக்கலாம். அல்லது 1948இல் எல்லா நிறுவனங்களும் அரசுடைமையாகிப் பிரிட்டிஷ் ரயில்வேஸ் ஆன பிறகு, 1953இலிருந்து டப்ளோ விற்ற 69567 ஆக இருக்கலாம். இரண்டையும் பிரிக்கப் பெயிண்டை உரிக்கத் தேவைப்படவில்லை. அறையை இருட்டாக்கி, டார்ச்சை உடலின் பக்கவாட்டில் மேற்பரப்போடு படுக்கவைத்து ஒளியை ஓடவிட்டேன். ஒட்டுப்படத்தின் விளிம்பு, மேலே எத்தனை பூச்சு பூசினாலும், ஒரு மயிரிழை மேடாக எழுந்து நிற்கும். எல்.எம்.எஸ். என்றால் தொட்டியின் பக்கத்தில் இடம்விட்டு மூன்று எழுத்துகள் தெரிய வேண்டும். தெரிந்தது, 'சதர்ன்' என்று எழுதிய மஞ்சள் எழுத்துகளின் நடுவே புதைந்த ஒற்றை உருவம்: கீழே ஒரு வட்டம், மேலே வால் நீட்டிய ஏதோ ஒன்று. சக்கரத்தின் மேல் நிற்கும் சிங்கம், பிரிட்டிஷ் ரயில்வேஸ் 1949 முதல் 1956 வரை தந்த முத்திரை. பின்னால் 2594இன் கீழே ஐந்து இலக்கங்களின் நிழல் இருந்தது. முதல் இரண்டு 6, 9 என்று வாசிக்க முடிந்தது. மற்றவை பிரஷ்ஷின் தடத்தில் கலந்துவிட்டன. 1946இல் எல்.என்.இ.ஆர். தன் என்2 எஞ்சின்களுக்கு 9490 முதல் 9596 வரை புதிய எண் கொடுத்தது. அரசுடைமையானதும் அதோடு அறுபதாயிரத்தைக் கூட்டினார்கள். ஆகவே 69இல் தொடங்கும் எண் என்2 உடலுக்கு நேர்மையாகப் பொருந்துகிறது. டப்ளோ இந்த எஞ்சினை 1959இல் தொடங்கிய தன் இரட்டைத் தண்டவாள வரிசையில் விற்றபோது 69550 என்று எழுதியது. மூன்று தண்டவாளத்துக்கான சிங்க முத்திரை எஞ்சின் 69567.

ஆகவே இது லிவர்பூல் மெக்கானோவின் ஹார்ன்பி டப்ளோ, பட்டியல் எண் இ.டி.எல்.17, 1953க்கும் 1950களின் இறுதிக்கும் இடைப்பட்டது. அரிதானதல்ல; அக்காலத்தில் ஏராளமான பிரிட்டிஷ் வீடுகளில் ஓடியது.

பச்சை பூசியவர் ஏமாற்றுக்காரரா என்பதையும் யோசித்தேன். சதர்னின் ஈ5 வகையில் பல எண்கள் இருக்கும்போது அவர் 2594ஐ எடுத்திருக்கிறார். நிஜ ரயிலைப் பார்த்து எழுதியிருந்தால் வேறு எண் வந்திருக்கலாம். எனவே அவர் நகலெடுத்தது ரயிலையல்ல. மெக்கானோவின் பொம்மையை, அல்லது அதன் விலைப்பட்டியலில் இருந்த படத்தை. ஆனால் விற்று ஏமாற்ற நினைப்பவர் எழுத்துக்கு ஒட்டுப்படம் தேடியிருப்பார். இவ்வளவு தடித்த பெயிண்டைத் தடவியிருக்க மாட்டார். 5 என்ற இலக்கத்தின் வயிறு கீழே வழிந்ததை அப்படியே விட்டிருக்கவும் மாட்டார். கென்ட் முழுவதும் சதர்ன் ஓடிய நிலம் என்பதையும் நினைத்துக்கொண்டேன். கடையில் கருப்புதான் கிடைத்திருக்கும். வீட்டுக்கு அருகே ஓடியது பச்சை.

பெரியவர் மீண்டும் வந்தபோது முடிவைச் சொன்னேன். "அப்ப கழுவி விடுறதுதானே தம்பி?" என்று கேட்டார். ஒயிட் ஸ்பிரிட் பாட்டிலை மூடி வைத்துவிட்டேன். எஞ்சினோடு வைக்கும் அட்டையில் 'ஹார்ன்பி டப்ளோ இ.டி.எல்.17, என்2, 69567. வீட்டில் பச்சை பூசி 2594 ஆக்கப்பட்டது. நடுத்தண்டவாளம், 12 வோல்ட் டி.சி.; இரட்டைத் தண்டவாளத்தில் வைக்கக் கூடாது' என்று எழுதி, தேதியிட்டு, பெட்டிக்குள் போட்டேன்.